பெரட்டுக்கு முன் திறந்த கதவு

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பொறுப்பாளராக வந்திருக்கும் பிரியா போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். டிப்ளோமா முடித்த பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவளிடம் பிடித்ததே அந்த வாய்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, மத்த தோட்டத்துல எல்லாம் பெரட்டு கலைஞ்சப்புறந்தானே புள்ளைக் காம்பராவத் தொறக்கிறாங்க? நம்ம தோட்டத்துல மட்டும் ஏன் கருக்கல்லயே தொறக்கணும்? இந்தக் குளுருல எந்திரிச்சு ஓடியாந்து கதவத் தொறக்க நான் என்ன கோயில் பூசாரியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் குறிக்கிற பெரட்டுக்கு முன்னாலேயே அந்தக் கதவைத் திறக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முழுக் கதையையும் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப் போனது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “இத எழுதி வைங்கக்கா, எனக்கப்புறம் வர்றவளும் இதத்தான் கேப்பா” என்றாள். அதற்காகவே எழுதுகிறேன்.

பிள்ளைக் காம்பரா என்றால் தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். இப்போது ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். சுவரெல்லாம் யானையும் மயிலும். என் காலத்தில் அது தகரக்கூரை போட்ட ஒரே நீளமான அறை. உத்திரத்தில் வரிசையாகக் கயிறு கட்டி, அதில் சேலைத்தொட்டில்கள் தொங்கும். ஓர் அடுப்பு, ஒரு தராசு, வாசலில் உட்கார ஒரு வாங்கு. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது அந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஹட்டனில் சில வாரம் பயிற்சி. வயிற்றோட்டத்துக்கு உப்புச் சீனித் தண்ணீர் கலக்கவும், பிள்ளைகளை நிறுக்கவும், மூன்று பாட்டுகளும் கற்றுக்கொடுத்தார்கள். மிச்சத்தை எல்லாம் பிள்ளைகளே அழுது அழுது கற்றுக்கொடுத்தார்கள்.

காலையில் பிள்ளையை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் புறங்கையைக் கழுத்தில் வைத்துக் காய்ச்சல் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், சிரங்கு அங்கேதான் தொடங்கும். கையை விரித்து நகம் பார்க்க வேண்டும். பிறகு வீட்டிலிருந்து வந்த சேலையை உதறி, அந்தப் பிள்ளையின் கயிற்றில் மட்டும் கட்ட வேண்டும். ஒரு பிள்ளையின் சேலையில் இன்னொரு பிள்ளையைப் போட்டால் தூங்காது. தாயின் வாசம் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும். காலை நடுவில் தாய்மார் பால் கொடுக்க ஓடி வருவார்கள். மழைக்காலத்தில் நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு உள்ளே வரக்கூடாது, ஈரக்கையால் பிள்ளையைத் தொடக்கூடாது. இதற்காக நான் சண்டை போடாத பெண் அந்தத் தோட்டத்தில் இல்லை.

எனக்கு மேலதிகாரி தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். முழு டொக்டர் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் டொக்டர் ஐயாதான். கழுத்தில் மப்ளர், கையில் குடை. வெயிலோ மழையோ அந்தக் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார், பிறகு ஒவ்வொரு தொட்டில் சேலையையும் மூக்கருகில் பிடித்து மோந்து பார்ப்பார். கடைசியாக ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குகிற மாதிரி இழுப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் “கயிறு சரி” என்பார். அவர் வாயிலிருந்து வரும் ஒரே பாராட்டு அதுதான். எதைக் கேட்டாலும் பதில் “பாப்பம்.” அது ஆம் என்பதா, இல்லை என்பதா என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது.

இனி கதவு விஷயம். அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுத்த தாயின் பிள்ளைக்குத்தான் காம்பராவில் இடமும் பாலும் என்பது தோட்டத்துச் சட்டம். பேர் கொடுப்பது பெரட்டில். விடியும்போது எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் குறித்து, இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தால் வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே பெரட்டு கலைந்த பிறகுதான் நான் கதவைத் திறக்கலாம். தாய்மாரோ பெரட்டிலிருந்து நேரே மலை ஏறிவிடுவார்கள். கைக்குழந்தையோடு களத்தில் நின்றால் ஏச்சு விழும். அதனால் வீட்டில் மூத்த பெண்பிள்ளை தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து காத்து நிற்கும். கதவு திறந்ததும் பிள்ளையைத் தந்துவிட்டுப் போகும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் காம்பராவுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் அஞ்சாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு ராகலை டவுனுக்குப் போக வேண்டும். காலை பஸ் பெரட்டு நடக்கும்போதே எங்கள் சந்தியைத் தாண்டிப் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளிக்கூட கேட் பூட்டியிருக்கும். ஆண்பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் கைக்குழந்தை உள்ள மூத்த பெண்பிள்ளைகள் அஞ்சோடு நின்றார்கள். கொஞ்ச வருஷத்தில் கொழும்பில் யார் வீட்டிலாவது சமையலறையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு தாய்க்குப் பின்னால் மலை ஏறுவார்கள்.

கூட்டம் வைத்துப் பேச வருகிறவர்கள் எல்லாரும், “தோட்டத்து ஆக்களுக்குப் படிப்புல அக்கறை இல்ல, பொம்பளப் புள்ள பெரிய மனுசியானா நிப்பாட்டிருவாங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட வீடுகளும் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் வாசலில் நின்ற பிள்ளைகளை நிறுத்தியது வயது அல்ல. என் கையில் இருந்த சாவிதான்.

இதை எனக்குக் காட்டியவள் தனம். மாரியாயியின் மூத்த மகள். மாரியாயி என் வயதுக்காரி, ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அவள் புருஷன் மரம் தறிக்கும்போது விழுந்து முதுகு அடிபட்டவர். பாரம் தூக்க முடியாது. முடிந்த நாளில் உடப்புசல்லாவைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் களை பிடுங்கப் போவார். ஆகவே அந்த வீட்டிலிருந்து தோட்டத்தில் பதிந்திருந்தது மாரியாயியின் பேர் ஒன்றுதான். ஒரு பேராவது இருந்தால்தான் குடியிருக்கும் லயக்காம்பரா நிலைக்கும். பேர் வெட்டுப்பட்டால் அடுப்புக்கும் இடமில்லை, படுக்கைக்கும் இடமில்லை.

தனம் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்த புதிது. வெள்ளைக் கவுன் போட்டு, ரிப்பன் கட்டி, முதுகில் புத்தகப் பையோடு வந்து நிற்பாள். இடுப்பில் தம்பி பாலு. அவன் நனைத்துவிட்டால் யூனிபோம் போய்விடுமே என்று இடுப்பைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டைக் கட்டியிருப்பாள். தூரத்து வளைவில் பஸ் விளக்கு தெரியும். பிறகு அது சந்தியில் நிற்கும், புறப்படும். “போயிருச்சு” என்பாள். அவ்வளவுதான், அழமாட்டாள். கொஞ்ச நாள் இப்படியே போனது. ஒருநாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, தம்பிய மட்டும் இப்பவே வாங்கிக்கிறீங்களா? பஸ் இப்பத்தான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட வருது. ஓடுனா புடிச்சிருவேன்.”

நான் சட்டம் பேசவில்லை. கையை நீட்டினேன். பாலுவை என்னிடம் போட்டுவிட்டு, சேலைத் துண்டை அவிழ்த்தபடியே ஓடினாள். அடுத்த நாளும் கதவை ஒருக்களித்து வைத்தேன். மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். ஒருத்தியும் வரவில்லை. “அம்மா ஏசும்” என்றார்கள். ஏன் என்று எனக்கு அடுத்த வாரம் விளங்கியது.

கணக்கப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெரட்டில் எல்லார் முன்னாலும் மாரியாயியைக் கூப்பிட்டு, “பேரு குடுக்கிறதுக்கு முந்தியே புள்ளைக்கு ஓசிப் பால் கேக்குதோ? போ, இன்னைக்கு ஒனக்கு வேலை இல்ல. இன்னொரு தடவ பாத்தேன், பேரையே வெட்டிருவேன்” என்று விரட்டிவிட்டார். அவள் வெறுங்கூடையோடு நேரே என்னிடம் வந்தாள். வந்த வேகத்தில் தொட்டிலில் இருந்த பாலுவை வாரி எடுத்தாள்.

“ஏன்டி ரோசு, எம்பேர வெட்ட வைக்கவா பாக்குற? ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும். எனக்குப் பேரு இருந்தாத்தான்டி அடுப்பு எரியும். அந்த மனுசன் முதுகு ஒடிஞ்சு கெடக்காரு. படிப்பு படிப்புன்னு எங்கள நடுரோட்டுல நிக்க வைக்காத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் போன பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். பாதி அவளுக்காக, பாதி ஆத்திரத்தில்.

மறுநாளிலிருந்து தனம் பழைய சட்டையோடு வந்தாள். பையும் இல்லை, ரிப்பனும் இல்லை. பெரட்டு கலைந்த பிறகு மற்றவர்களோடு சேர்ந்து பிள்ளையைத் தந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு லயத்துக்குத் திரும்பினாள். பிறகு ராகலைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையனிடம் சொல்லியனுப்பினார்கள், இதற்கு மேலும் வராவிட்டால் தனத்தின் பேரை வெட்டிவிடுவோம் என்று. அங்கே ஒரு பேர், இங்கே ஒரு பேர். தாயின் பேர் நிற்க வேண்டுமானால் மகளின் பேர் போக வேண்டும். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டொக்டர் ஐயா எல்லாவற்றையும் கேட்டார். “பாப்பம், பிள்ளை” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய் வந்ததோ! “பாப்பம் பாப்பம்னு எத்தன நாளைக்குங்கய்யா பாப்பீங்க? நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள அவ கல்யாணங் கட்டி, அவ புள்ளையக் கொண்டாந்து எங்கிட்ட விட்டுருவா!”

வெளியே மருந்துக்கு நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றி மப்ளர் நுனியால் துடைத்தார்.

“கத்தாதை. நோயாளியள் நிக்கினம். அந்த பஸ் எத்தினை மணிக்கு?”

“விடியக் காலைங்கய்யா. நீங்க போர்வைக்குள்ள இருக்கிற நேரம்.”

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை பனிமூட்டத்தில் காம்பரா வாசலுக்கு வந்தால், வாங்கில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிந்தது. பக்கத்தில் போனால் மப்ளரும் குடையுமாக ஐயா. “நீ உன்ரை வேலையைப் பார்” என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், இடுப்பில் ஒவ்வொரு கைக்குழந்தை. ஐயாவைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, வரிசையாக ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் வைத்துக் கேட்டார். பாலுவிடம் வந்தபோது பஸ் சந்தியில் ஹாரன் அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், தனம் மட்டும் பார்க்கவில்லை.

“பிள்ளை, நீ எத்தினையாம் வகுப்புப் படிக்கிறாய்?”

“ஆறு படிச்சேங்க.”

ஐயா ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி சட்டைப்பைக்குள் வைத்தார். “ரோசலின், என்னோடை வா” என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக் களத்தை நோக்கி நடந்தார். பிள்ளைக் காம்பரா வேலைக்காரி பெரட்டுக் களத்துக்குப் போகிற வழக்கமே இல்லை. ஆனாலும் பின்னால் ஓடினேன்.

களத்தில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை நின்றார். சிங்களவர், தமிழ் பேசுவார். ஐயா சுற்றி வளைக்கவில்லை. விடியற்காலைப் பனியில் குழந்தைகள் வெளியே காத்து நிற்கிறதால் பாதிப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் சளி இரைகிறது என்றார். இனிமேல் பெரட்டுக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளும் காம்பராவுக்குள் இருக்க வேண்டும், பெரட்டு கலைந்த பிறகு வருகிற பிள்ளையை உள்ளே எடுக்கமாட்டோம் என்றார். கணக்கப்பிள்ளை குறுக்கே விழுந்தார்.

“வேல இல்லாமத் திரும்புற பொம்பள புள்ளையும் பால் குடிக்குமேங்கய்யா?”

“குடிக்கட்டும். தாய் வந்து தூக்கிக்கொண்டு போவா. ஒரு கோப்பை பாலிலை உங்கட தோட்டம் அழிஞ்சு போகாது.”

கூட்டத்தில் பின்னால் யாரோ சிரித்தார்கள். துரை தலையைச் சொறிந்தார். “புள்ளைக்கு இருமல் வந்தா அம்மா வேலைக்கு வராது, நே? டொக்டர் சொல்ற மாதிரி செய்யுங்க” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். முடிந்தது.

திரும்பி நடக்கும்போது, “ஐயா, பள்ளிக்கூடத்தப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொல்லலீங்களே” என்றேன். “பள்ளிக்கூடம் எண்டால் துரை யோசிப்பார். இருமல் எண்டால் உடனை விளங்கும்” என்றார். காம்பராவுக்குள் வந்து, எதுவும் நடக்காத மாதிரி ஒரு தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் கருக்கலில் விளக்கை ஏற்றிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. துரையே சொன்னாலும் பேர் வெட்டுகிற பயம் லேசில் போகுமா? பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. கடவுளே, இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று வாசலில் நின்றேன். அப்போதுதான் லயத்துப் படியில் வெள்ளைக் கவுன் தெரிந்தது. தனம் பையோடு முன்னால் வந்தாள், பின்னால் பாலுவைத் தூக்கிக்கொண்டு மாரியாயி. பிள்ளையை அவளே என் கையில் தந்தாள்.

“எம்பேர வெட்டுனாங்கன்னு வச்சுக்க, சட்டி பொட்டியத் தூக்கிக்கிட்டு ஒன் வீட்டுல வந்துதான் குந்துவேன்.”

“வந்து குந்து. எடம் இருக்கு.”

“இருக்கும் இருக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால்தான் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் ராகலை பஸ்ஸில் எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாகவே ஏறினார்கள். பஸ்காரன் ‘நங்கிலா, இக்மன் கரண்ட’, தங்கச்சிமாரே சீக்கிரம், என்று சிங்களத்தில் கத்தி அவசரப்படுத்துவது காம்பரா வரை கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு அன்றைய வேலை ஓடிவிடும்.

எல்லாப் பிள்ளைகளும் கரையேறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். சிலர் சாதாரண தரத்தில் கணக்கில் விழுந்து நின்றார்கள். ஒருத்தியை இடையிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தகப்பனோடு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அஞ்சோடு நிற்பது என்பது எங்கள் தோட்டத்தில் வழக்கம் இல்லாமல் போனது. தனம் உயர்தரம் முடித்து, சிங்களமும் படித்து, பரீட்சை எழுதி, இப்போது வலப்பனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறாள். முதல் சம்பளத்தில் தாய்க்குச் சேலை எடுத்தாளா என்று கேட்காதீர்கள், தகப்பனுக்கு முதுகுக்கு வைத்தியம் பார்த்தாள். அந்த வீட்டில் மழை பெய்து வேலை இல்லாத வாரத்தில் மாரியாயியின் தோடு அடகுக்கடைக்குப் போவது நின்றது. பாலு உயர்தரம் படிக்கிறான். ராகலைக்கு இந்தப் பக்கம் சின்னக் காணித் துண்டொன்று வாங்கிச் சுவர் எழுப்பினார்கள். சின்ன வீடுதான், ஆனால் யார் பேரையும் நம்பி நிற்கிற வீடு இல்லை.

டொக்டர் ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். போகிற அன்றைக்கும் காம்பராவுக்கு வந்து எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். நானும் இப்போது வீட்டில் இருக்கிறேன். பிரியா கதையைக் கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாளும் கருக்கலில் விளக்கு எரிந்தது, என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

பிரியா என் வீட்டுக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பெரட்டு முடிகிற நேரத்தில் என் வாசலில் மாரியாயி வந்து நின்றாள். கூடை இல்லை, படங்கு இல்லை, தலைத்துண்டும் இல்லை.

“என்னடி இந்த நேரத்துல? மலைக்குப் போகல?”

“பேர வெட்டிட்டாங்க.”

“யாரு வெட்டுனது? எதுக்கு?”

“நாந்தான் வெட்டச் சொன்னேன். பெரட்டுல போய் நின்னு, எல்லாரும் கேக்கச் சொன்னேன், எம்பேர வெட்டிருங்க, நாங்க எங்க வீட்டுக்குப் போறோம்னு. கணக்கப்புள்ளையே பேனாவ எடுத்து வெட்டுனாரு.” உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். “சொன்ன சொல்லு மாறக் கூடாதுல்ல? பேரு வெட்டியாச்சு, ஒன் வீட்டுல குந்த வந்துட்டேன். தேத்தண்ணி போடு.”